மனநலக் கலைத் திட்டங்கள்: பொன்னாடை வாங்கும் முன் யோசிக்க வேண்டியவை

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில் (ஆந்திரச் சித்தூர் வேறு), கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம், மனநல சிகிச்சையில் இருப்பவர்களுக்கு ஓவியமோ பாட்டோ சொல்லித்தர ஆசைப்படும் குழுக்கள் முதலில் குறிப்பது நிறைவு விழா தேதியை. அக்டோபர் 10, உலக மனநல நாள். மற்ற தவறுகள் பாதி இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

விழா என்றால் ஃபிளெக்ஸ், ஃபிளெக்ஸ் என்றால் முகம். ஒருவர் படம் வாட்ஸ்அப்பில் ஏறினால் சாயங்காலத்துக்குள் பொள்ளாச்சி சொந்தக்காரர் வரை போய்விடும். எல்லைக்கு அந்தப்பக்கம் பெண் கொடுத்து எடுக்கும் ஊர்கள் இவை. மனநல நிலையத்தில் சிகிச்சை பெறுபவரின் படத்தையோ விவரத்தையோ அவர் சம்மதமில்லாமல் ஊடகத்துக்குக் கொடுக்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 24ஆம் பிரிவு சொல்கிறது. உங்கள் பயிற்சி பஞ்சாயத்து ஹாலில் நடந்தாலும் அதே மரியாதையைக் கடைப்பிடியுங்கள். சம்மதப் படிவம் மலையாளத்தில் மட்டும் இருந்து, வந்தவர் தமிழ் மட்டுமே படிப்பவராக இருந்தால், அந்தக் கையெழுத்துக்கு ஒரு மதிப்பும் இல்லை. வீட்டாரிடம் கேட்டுக்கொண்டதும் போதாது.

முகம் காட்டாமலே செய்யக்கூடிய கலை பக்கத்திலேயே இருக்கிறது. பாலக்காட்டுத் தோல்பாவைக் கூத்தில் 21 விளக்குகள் எரிய, வெள்ளைத் துணிக்குப் பின்னால் நின்று பாவையை ஆட்டுவார்கள். பாடுவதும் கம்பராமாயணப் பாட்டுதான், நம்மவர்களுக்குப் பழகிய தமிழ். அது பகவதி கோவில் வழிபாடு என்பதால் கலைஞர்களிடம் கேட்டு, அவர்கள் வழிகாட்டுதலோடு செய்ய வேண்டும். தோலில் உளியால் துளையிடுவதற்குப் பதில் அட்டையில் கத்தரித்துப் பழகலாம். பார்வையாளர் முன்னால் நிற்கக் கூச்சப்படுபவர் துணிக்குப் பின்னால் தாராளமாகக் குரல் கொடுப்பார்.

அடுத்தது, மருந்தை மறந்து நேர அட்டவணை போடுவது. காலை ஒன்பது மணிக்கு வகுப்பு வைத்துவிட்டு "சோம்பேறிகள், வரவே மாட்டேங்கிறாங்க" என்று சலித்துக்கொள்வார்கள். இரவு மாத்திரையின் மயக்கம் சிலருக்கு முற்பகல் வரை தெளியாது. சரி, பதினொன்றுக்கு வைக்கலாம் என்று பள்ளிச் சுவரில் ஓவியம் வரையக் கூட்டிப்போனால் அதுவும் வம்பு. குளோர்புரோமசின் என்ற மனநல மருந்து எடுப்பவருக்கு வெயில் பட்டால் தோல் சட்டென்று சிவந்து எரியும். மனநிலை ஏற்ற இறக்கத்துக்குக் கொடுக்கும் லித்தியம் எடுப்பவர் வேர்த்து உடம்பில் தண்ணீர் குறைந்தால் ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறி ஆபத்தாகலாம். மார்ச் மாதப் பாலக்காட்டு வெயிலை நான் சொல்ல வேண்டியதில்லை. நிழல், தண்ணீர்க் குடம், மாலை நேரம். மாதாந்திர மனநல கிளினிக் நாளில் வகுப்பே வேண்டாம்.

லித்தியத்தால் சிலருக்குக் கையும் நடுங்கும். அவரிடம் மெல்லிய தூரிகையைக் கொடுத்துக் கோட்டுக்குள் வண்ணம் தீட்டச் சொன்னால், இரண்டு வகுப்பில் நின்றுவிடுவார். தடித்த தூரிகை, டேப் ஒட்டி மேசையில் அசையாமல் வைத்த தாள், இல்லாவிட்டால் களிமண். பெரியவர்களுக்கு மிக்கி மவுஸ் வண்ணப் புத்தகம் கொடுப்பதை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள்.

வரைந்ததைப் பார்த்து ஜோசியம் சொல்வது இன்னொரு தொல்லை. "ஒரே கறுப்பா இருக்கே, மனசு சரியில்லையா?" என்று கேட்பார்கள். கறுப்பு டப்பாதான் அன்று திறந்திருந்திருக்கும். "படம் வரைஞ்சா மாத்திரையே வேண்டாம்" என்பவரையோ வகுப்புக்குள்ளேயே விடாதீர்கள். அதே சமயம் யாராவது சாவைப் பற்றிப் பேசினால் அதைப் படத்தின் கற்பனை என்று தள்ளிவிடக் கூடாது. சிகிச்சை பார்க்கும் குழுவின் எண்ணும், அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416உம் சுவரில் இருக்கட்டும்.

காசு விஷயம். படம் விற்றால் பணம் வரைந்தவருக்கு. மனநல நிலையங்களில் யாரையும் கட்டாய வேலை வாங்கக் கூடாது, செய்த வேலைக்கு உரிய ஊதியம் தர வேண்டும் என்பதும் அதே சட்டத்தின் 20ஆம் பிரிவில் இருக்கிறது. விற்ற பணத்தில் "அடுத்த வருஷத்துக்குப் பெயின்ட் வாங்கலாம்" என்று நீங்களே முடிவெடுக்காதீர்கள். பஸ் காசும் முன்கூட்டியே ஒதுக்குங்கள்; கோவிந்தாபுரத்திலிருந்து வருபவர் அதற்காகவே நின்றுபோவார்.

அப்புறம், நிதி தீர்ந்ததும் சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போவது. கடைசி வகுப்பு எப்போது என்பதை முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுங்கள். வண்ணமும் தூரிகையும் அவர்களிடமே இருக்கட்டும், ஹால் சாவி யாரிடம் வாங்க வேண்டும் என்பதையும் அவர்களில் இரண்டு பேருக்காவது தெரியப்படுத்துங்கள்.