கொலோனோஸ்கோபிக்குக் குடலைத் தயார் செய்வது எப்படி

கொலோனோஸ்கோபி என்பது ஆசனவாய் வழியாகக் கேமராக் குழாயை விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் சோதனை. கருவி எவ்வளவு நவீனமானாலும் மலம் ஒட்டிய சுவரில் பாலிப் (குடல் சுவரில் முளைக்கும் சிறு கட்டி) தெரியாது. சோதனையின் பாதி வேலை முந்தைய இரவு வீட்டில்தான் நடக்கிறது.

இரும்புச்சத்து மாத்திரையை 5 நாள் முன்பே நிறுத்தணும். அது மலத்தைக் கறுப்பாக்கிச் சுவரில் ஒட்ட வைக்கும். இரத்தம் உறையாமலிருக்கும் மருந்து, சர்க்கரை மாத்திரை, இன்சுலின் இவற்றை நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் கேளுங்கள். சிறுநீரகக் கோளாறு, இருதய நோய் இருந்தால் அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கீரை, முருங்கைக்காய், கத்தரிக்காய், கொய்யா, எள், தேங்காய்த் துருவல் இரண்டு மூன்று நாள் முன்பே வேண்டாம். வெற்றிலை பாக்கையும் விட்டுவிடுங்கள் (கும்பகோணத்துக்காரர்களுக்கு இதுதான் கஷ்டம்). சோதனைக்கு முந்தின நாள் காலை இட்லி, இடியாப்பம். மதியம் குழைந்த வெள்ளைச் சோறு, வடிகட்டிய ரசம். அதன் பின் தெளிந்த நீராகாரம் மட்டும்: இளநீர், வடிகட்டிய எலுமிச்சை ஜூஸ், பால் சேர்க்காத காபி. திராட்சை, பீட்ரூட் போன்ற சிவப்புச் சாறு கூடாது, உள்ளே இரத்தம் போலத் தெரியும்.

பேதிப் பொடி, அதாவது பாலிஎத்திலீன் கிளைகால், பெரும்பாலும் 2 லிட்டர் தண்ணீருக்கான பாக்கெட்டாக வரும். பாக்கெட்டில் போட்ட அளவுத் தண்ணீரையே ஊற்றுங்கள். குறைத்தால் குமட்டும், உடம்பில் நீர் வற்றும். சர்க்கரை சேர்க்க வேண்டாம். ஆறவைத்துக் குளிர்ச்சியாகக் குடித்தால் வாடை தெரியாது.

பலர் தவறுவது நேரத்தில்தான். மொத்தத்தையும் ராத்திரியே குடித்துவிட்டுத் தூங்கினால், விடிவதற்குள் சிறுகுடலிலிருந்து பித்தநீர் இறங்கி வலப்பக்கப் பெருங்குடலில் படலமாகப் படியும். கண்டுபிடிக்கக் கடினமான தட்டைப் பாலிப்கள் அதிகம் இருப்பதும் அதே பக்கம். ஆகவே பாதி பாதியாகப் பிரியுங்கள். காலை 10 மணிக்குச் சோதனை என்றால் முந்தின நாள் மாலை 6 மணிக்கு 1 லிட்டர், கால் மணிக்கு ஒரு டம்ளர் வீதம்; மீதி 1 லிட்டரை சோதனை நாள் விடிகாலை 5 மணிக்குத் தொடங்கி 7 மணிக்குள். பிறகு தண்ணீரும் வேண்டாம், மயக்க மருந்து கொடுப்பார்கள். வேதாரண்யம், முத்துப்பேட்டைப் பக்கத்திலிருந்து தஞ்சாவூர் வருபவர்கள் முதல் நாளே வந்து தங்குவது நல்லது. 7 மணிக்குக் குடித்து முடித்துவிட்டு பஸ் ஏற முடியாது.

வாந்தி வந்தால் அரை மணி நிறுத்தி, மெதுவாகத் தொடருங்கள். வயிறு உப்பி, கடுமையாக வலித்து, பேதியே போகவில்லையென்றால் குடிப்பதை நிறுத்தி மருத்துவமனையைக் கூப்பிடுங்கள். கடைசியில் தெளிந்த மஞ்சள் நீராகப் போகணும். ஆடி மாதத்துப் புதுத்தண்ணீர் நிறத்தில் வந்தால் குடல் இன்னும் தயாராகவில்லை. மருத்துவமனைக்குப் போனதும் நர்ஸிடம் சொல்லுங்கள்.

ரிப்போர்ட்டில் பாஸ்டன் மதிப்பெண்ணைப் பாருங்கள்; குடல் எவ்வளவு சுத்தமாக இருந்தது என்பதைச் சொல்வது அது. பெருங்குடலை மூன்று பகுதியாக்கி ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை போடுவார்கள். எந்தப் பகுதியிலும் 2க்குக் குறையக் கூடாது. குறைந்தால் ஓராண்டுக்குள் மறுபடி செய்யணும். பெருங்குடல் தொடங்கும் இடமான சீக்கம் வரை போனார்களா என்பதும் அதில் இருக்கும். பாலிப் இல்லாதவர்களுக்குக் கருவியை வெளியே இழுக்கும்போது குறைந்தது 6 நிமிடமாவது பார்க்கணும் என்பது பழைய கணக்கு; 2024 அமெரிக்க வழிகாட்டுதலில் அது சராசரி 8 நிமிடமாகிவிட்டது.

அடுத்த சோதனை எப்போது? 2020 அமெரிக்க வழிகாட்டுதல்படி, பாலிப் எதுவும் இல்லையென்றால் 10 ஆண்டு, 10 மி.மீ.க்குக் குறைந்த சாதாரண அடினோமா (பின்னாளில் புற்றுநோயாக மாறக்கூடிய வகைப் பாலிப்) ஒன்றிரண்டு என்றால் 7 முதல் 10, 10 மி.மீ. அல்லது அதற்கு மேல் என்றால் 3 ஆண்டு. குடும்பத்தில் யாருக்காவது பெருங்குடல் புற்றுநோய் இருந்திருந்தால் இந்தக் கணக்கு மாறும். பயாப்ஸி (எடுத்த சதையை லேபில் சோதிப்பது) முடிவு சில நாள் கழித்துத்தான் வரும், அதை வாங்காமல் தேதி குறிக்க முடியாது.