கில்லி மீனுக்குச் செடித்தொட்டி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

செடித்தொட்டி, அதாவது நீர்ச்செடிகள் நட்ட மீன்தொட்டி அமைக்கும்போது எல்லோரும் அடியிலிருந்துதான் யோசிப்போம். எந்த மண், எந்தக் கல், முன்னால் என்ன புல், பின்னால் எவ்வளவு சரிவு என்று. கில்லி (killifish) என்னும் சிறு மீனை வளர்ப்பதென்றால் மேலிருந்து கீழாக யோசிக்க வேண்டும். அதன் தட்டையான தலையையும் மேல்நோக்கித் திறக்கும் வாயையும் பார்த்தாலே புரியும். பெரும்பாலான கில்லிகளுக்கு நீரின் மேல்மட்டம்தான் வீடு.

எனவே முதல் தவறு மூடி இல்லாத தொட்டி. விளிம்பே தெரியாத திறந்த கண்ணாடித் தொட்டி பார்க்க அழகுதான், ஆனால் அது கில்லிக்கு ஆகாது. மழையில் குட்டை விட்டுக் குட்டை தாவும் இனங்கள்கூட இந்தக் கூட்டத்தில் உண்டு. மூடி போட்டவர்களும் வயருக்கும் ஏர் டியூபுக்கும் விட்ட சிறு சந்து இருப்பதை மறந்துவிடுகிறார்கள். மீன் சரியாக அந்தச் சந்து வழியாகத்தான் வெளியே வந்து விழும். ஜன்னலுக்குப் போடும் கொசுவலையை வெட்டி அந்த இடத்தை அடைத்துவிடுங்கள்.

அடுத்தது நீரோட்டம். பெரிய ஃபில்டர் மேல்தண்ணீரைச் சுழற்றிக்கொண்டே இருந்தால் கில்லி மூலையில் ஒதுங்கிவிடும். ஏர் பம்பில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் போதும். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரும் கண்ணைக் கூசும் விளக்கும் வேண்டாம். வளர்ப்பவர்கள் விரும்பும் கார்ட்னெரி கில்லி நைஜீரியா, கேமரூன் பகுதிச் சிற்றோடைகளைச் சேர்ந்தது. பளிச்சென்ற வெளிச்சத்தில் அது பயந்து நிறம் மங்கும். மேலே வாட்டர் ஸ்பிரைட் செடி மிதக்க, நிழலும் கருநிற அடித்தரையும் இருந்தால் ஆண் மீனின் நீலமும் சிவப்புப் புள்ளிகளும் எழுந்து வரும். அனுபியாஸும் மேற்கு ஆப்பிரிக்க ஓடைக்கரைச் செடிதான், குறைந்த வெளிச்சத்தில் நன்றாக வளரும். ஆனால் அதன் கிடைத்தண்டை மண்ணுக்குள் புதைக்காதீர்கள், அழுகிவிடும். நூலால் கட்டையிலோ கல்லிலோ கட்டிவிடுங்கள். ஜாவா ஃபெர்னுக்கும் இதே முறைதான். மண்ணில் நடுவதற்கு இலங்கையைச் சேர்ந்த கிரிப்டோகோரைன் வென்டியை நம்பலாம். நட்ட புதிதில் அதன் இலைகள் கரைந்து விழும். செடி செத்துவிட்டது என்று பிடுங்காதீர்கள், வேரிலிருந்து திரும்பத் துளிர்க்கும்.

செடி வைத்த அன்றே மீனை விடும் அவசரமும் கூடாது. அக்வா சாயில் எனப்படும் செடித்தொட்டிச் சத்து மண் புதிதாக இருக்கும்போது, முதல் சில வாரங்களுக்குத் தண்ணீரில் மீனுக்கு நஞ்சான அம்மோனியாவை விடும். அதை உண்ணும் பாக்டீரியா ஃபில்டரில் குடியேற நாலு முதல் ஆறு வாரம் ஆகலாம். டெஸ்ட் கிட்டில் அம்மோனியாவும் அதிலிருந்து உண்டாகும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டிய பிறகே மீன்.

நம் ஊரில் அதிகம் கவனிக்காத தவறு சூடு. கார்ட்னெரிக்கு 22 முதல் 26 டிகிரி சுகம், ஆஸ்ட்ரேல் கில்லிக்கு அதையும்விடக் குளிர்ச்சி வேண்டும். சென்னைக் கோடையில் தொட்டித் தண்ணீர் 30 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். மூடிக்குப் பதில் வலை போட்டு, தண்ணீர் மேல் சின்ன ஃபேனை ஓடவிட்டால் ஆவியாவதால் இரண்டு மூன்று டிகிரி குறையும். குறைந்த தண்ணீரை ஆர்ஓ நீரால் நிரப்புங்கள். போர் தண்ணீரையே ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும். இவ்வளவு மெனக்கெட முடியாதென்றால், வெயிலுக்குப் பழகிய நம் மண்ணின் கில்லியைத் தேர்ந்தெடுப்பதே நல்லது என்பேன். கடைகளில் கிடைக்கும் கோல்டன் வொண்டர், தென்னிந்திய நீர்நிலைகளில் வாழும் அப்லோகைலஸ் லீனியேட்டஸ் மீனின் மஞ்சள் வகை.

அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. கடையில் ஒன்றரை அங்குலமாக இருக்கும் கோல்டன் வொண்டர் வளர்ந்து பத்து சென்டிமீட்டர் வரை போகும். மேல்நோக்கி விரியும் அந்த வாயில் நியான் டெட்ரா, கப்பிக் குட்டி, இறால் எல்லாம் அடங்கும். சண்டையே போடாத மீன்கூட, வாய்க்குள் நுழைவதை உணவாகத்தான் பார்க்கும். ஆகவே அதனோடு விடும் மீன், அதன் வாயைவிடப் பெரிய உடம்போடு இருக்கட்டும். கோரிடோரஸ் போன்ற தரைவாசிகள் ஒத்துப்போகும். கார்ட்னெரியோடு ஹார்லெக்வின் ராஸ்போரா கூட்டத்தை விடலாம். செர்ரி இறாலை விட்டால் பெரியவை தப்பலாம், குஞ்சுகள் மிஞ்சாது. துடுப்பைக் கடிக்கும் டைகர் பார்ப், வளர்ந்த ஏஞ்சல் இரண்டும் வேண்டவே வேண்டாம்.

கில்லிகளுக்குள்ளேயே வரும் சண்டையைப் பலர் எதிர்பார்ப்பதில்லை. இரண்டடித் தொட்டியில் இரண்டு கார்ட்னெரி ஆண்களை விட்டால் ஒன்று ஓயாமல் துரத்தும், மற்றது ஒளிந்தே மெலியும். ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண் என்பதே சரி. ஒரே பெண் இருந்தால் ஆணின் தொல்லை முழுவதும் அதன் தலையில் விழும். நெருங்கிய இனங்களைக் கலக்கவும் கூடாது. பெண் மீன்களை அடையாளம் பிரிப்பது கடினம், கலப்பினம் உண்டாகிவிட்டால் அந்த வகையின் தூய்மை போய்விடும்.

‘கில்லி சில மாதம்தான் வாழும்’ என்பதும் பாதி உண்மைதான். வற்றும் குட்டைகளில் பிறந்து, முட்டைகளைச் சேற்றில் விட்டு மடியும் ஆப்பிரிக்க நோத்தோபிராங்கியஸுக்கு அது பொருந்தும். செடித்தொட்டிக்குக் கார்ட்னெரியோ கோல்டன் வொண்டரோதான் ஏற்றது. நன்றாகப் பார்த்துக்கொண்டால் இவை சில ஆண்டுகள் வாழும்.

உணவில், சாக்கடையில் எடுத்த டியூபிஃபெக்ஸ் புழுவைக் கொடுக்காதீர்கள், அதோடு நோயும் வரும். கொசுப்புழு இவற்றுக்கு விருந்துதான். ஆனால் ஒரே மூச்சில் தின்னும் அளவுக்கே போடுங்கள், மிஞ்சியவை வீட்டுக்குள் கொசுவாகப் பறக்கும்.

புது மீனைத் தனித் தொட்டியில் இரண்டு வாரமாவது வையுங்கள். உடம்பில் டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பாருங்கள், தங்கப்பொடி தூவியதுபோல் தெரிந்தால் அது வெல்வெட் நோய். கில்லிகளை இது எளிதில் தாக்கும். மருந்தையும் அந்தத் தனித் தொட்டியிலேயே கொடுங்கள். செம்பு கலந்த மருந்து இறாலையும் நத்தையையும் கொன்றுவிடும், உப்பு அதிகமானால் செடி கருகும்.

மிதக்கும் செடி பெருகிவிட்டால் அள்ளி வெயிலில் நன்றாகக் காயவைத்து உரக்குழியில் போடுங்கள். ஏரியிலோ கால்வாயிலோ கொட்ட வேண்டாம். தென் அமெரிக்காவிலிருந்து வந்த சால்வீனியா கேரளத்து நீர்நிலைகளையும் வயல்களையும் எப்படி மூடியது என்பது நமக்குத் தெரியும். ஆப்பிரிக்கக் கில்லியையும் அப்படித்தான், வளர்க்க முடியாமல் போனால் வேறொரு வளர்ப்பாளரிடம் கொடுங்கள்.