சோதனை வரும்போது தப்பிக்கும் கதவு எங்கே?

"கர்த்தாவே, இனிமேல் செய்யவே மாட்டேன்" என்று அழுது ஜெபித்துவிட்டு, மூன்றே நாளில் அதே இடத்தில் போய் விழுந்திருக்கிறீர்களா? எனக்குப் பல வருடம் அப்படித்தான் போனது. விசுவாசம் குறைவு என்று நினைத்து என்னையே திட்டிக்கொள்வேன். பிறகுதான் புரிந்தது, சோதனை, அதாவது பாவம் செய்யத் தூண்டும் ஆசை, முற்றி, மனசு பாதி சம்மதித்த பிறகுதான் நான் ஜெபிக்கவே ஆரம்பிக்கிறேன் என்று.

சோதனை வருவதே பாவம் என்று நினைக்காதீர்கள். இயேசுவும் எல்லாவிதத்திலும் நம்மைப்போல் சோதிக்கப்பட்டார், ஆனாலும் பாவமில்லாதவர் என்று எபிரெயர் 4:15 சொல்கிறது. கெட்ட நினைவு வந்தவுடனே "நான் இரட்சிக்கப்பட்டவன்தானா" என்று கலங்கி, அந்தக் கலக்கத்திலேயே "சரி, இனி என்ன இருக்கிறது" என்று விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர். யாக்கோபு 1:15-ஐ மெதுவாக வாசித்துப் பாருங்கள். இச்சை கர்ப்பந்தரித்துத்தான் பாவத்தைப் பிறப்பிக்கிறது. அப்படியென்றால் நடுவில் நேரம் இருக்கிறது.

அந்த நேரத்தைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும். ராத்திரி பதினோரு மணி, விளக்கை அணைத்தாகிவிட்டது, தூக்கம் வரவில்லை, கை தானாகத் தலையணைக்குப் பக்கத்தில் போனைத் தடவுகிறது. பார்க்கக் கூடாததைப் பார்ப்பது பன்னிரண்டரைக்கு. ஆனால் கதவு திறந்திருந்தது பத்தரைக்கு, போனை வேறு அறையில் சார்ஜ் போட்டுவிட்டு வந்து படுத்திருக்கலாமே, அப்போது! சோதனையோடுகூடத் தப்பிக்கொள்ளும்படியான போக்கையும் தேவன் உண்டாக்குவார் என்று 1 கொரிந்தியர் 10:13-ல் இருக்கிறது. அந்தப் போக்கு பெரும்பாலும் இப்படித்தான் சின்னதாக, சீக்கிரமாக வந்து போய்விடுகிறது. நீங்கள் கடைசியாக விழுந்த நாளை எடுத்து, அதற்கு முந்தின ஒரு மணி நேரத்தில் என்ன செய்தீர்கள், யாரோடு இருந்தீர்கள், கோபமா தனிமையா களைப்பா என்று ஒரு தாளில் எழுதுங்கள். உங்கள் கதவு அங்கே தெரியும்.

எஜமான் போத்திபாரின் மனைவி தன்னோடு பாவம் செய்யச் சொல்லிப் பிடித்தபோது யோசேப்பு வஸ்திரத்தை விட்டு ஓடியது எல்லாருக்கும் தெரியும். அதற்கு இரண்டு வசனம் முன்னால் (ஆதியாகமம் 39:10) பாருங்கள், அவள் நித்தம் நித்தம் பேசியும் அவர் "அவளோடே இருக்கவும்" சம்மதிக்கவில்லை. ஓட வேண்டிய நாள் வருவதற்கு முன்பே தினமும் விலகியிருந்தார். அப்படி இருந்தும் அவளுடைய பொய்க் குற்றச்சாட்டால் சிறைக்குப் போனார் என்பதையும் மறைக்க வேண்டாம், சரியானதைச் செய்தால் உடனே நிம்மதி கிடைக்கும் என்று யாருக்கும் நான் சொல்ல மாட்டேன்.

அடுத்தது வசனம். வனாந்தரத்தில் 40 நாள் உபவாசத்துக்குப் பிறகு இயேசு பிசாசுக்குச் சொன்ன மூன்று பதிலும் உபாகமம் 6, 8 அதிகாரங்களில் இருப்பவை. பசியோடு நின்றபோது அவை உள்ளே ஆயத்தமாக இருந்தன. நீங்கள் ஐம்பது வசனம் படிக்க வேண்டாம், உங்களை விழவைக்கும் காரியத்துக்கு ஒன்றே ஒன்று போதும். கோபமென்றால் நீதிமொழிகள் 15:1, பண ஆசையென்றால் எபிரெயர் 13:5. மனப்பாடம் செய்து, அந்த நேரத்தில் வாய்விட்டுச் சொல்லுங்கள். ஜெபமும் நீளமாக வேண்டாம். கடலின்மேல் நடந்து, தண்ணீரில் அமிழ்ந்துபோகையில் இயேசுவின் சீஷன் பேதுருவுக்கு "ஆண்டவரே, என்னை இரட்சியும்" என்பதற்குத்தான் நேரம் இருந்தது.

அப்புறம், யாராவது ஒருவரிடம் சொல்லுங்கள். இதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது, இதுதான் ரொம்ப உதவியும் செய்தது. விசுவாசத்தில் முதிர்ந்தவராக, கேட்டதை வெளியே சொல்லாதவராகப் பாருங்கள். விழுந்த பிறகு அறிக்கையிடுவதைவிட, "இப்போது மனசு சரியில்லை, ஜெபியுங்கள்" என்று முன்னாலேயே ஒரு வரி அனுப்புவது எவ்வளவோ மேல். குடி, போதை போலப் பழக்கம் உடம்பையே பிடித்திருந்தால் மருத்துவரிடமும் போங்கள், அது அவிசுவாசம் ஆகாது.

இவ்வளவுக்கும் பிறகு விழுந்தால்? தள்ளிப்போடாமல் அன்றைக்கே திரும்பி வாருங்கள். இயேசுவைத் தெரியாது என்று பேதுரு மறுதலித்தது ஒரு கரிநெருப்புக்குப் பக்கத்தில் குளிர்காய்ந்துகொண்டிருந்தபோது. யோவான் 21-ல் உயிர்த்தெழுந்த இயேசு கடற்கரையில் கரிநெருப்புப் போட்டு, மீனும் அப்பமும் வைத்துக்கொண்டு அதே பேதுருவுக்காகக் காத்திருந்தார். முதலில் சாப்பிடச் சொன்னார். அதன் பிறகுதான் "என்னை நேசிக்கிறாயா" என்று கேட்டார்.