குளிர்காற்றில் டூயத்லான்: விறைத்த விரல்களுக்கு நான் கண்ட வழி

தென்னாப்பிரிக்காவில் ஜூலை குளிர்காலம், ஆனாலும் டர்பன் கடற்கரையில் அப்போதும் அரைக்கைச் சட்டையோடு ஓடலாம். அந்தப் பழக்கத்தில்தான் உள்நாட்டு மேட்டுப்பகுதியில் உள்ள ஹோவிக் பக்கம், மிட்மார் அணைக்கருகே நடந்த டூயத்லானுக்குப் போனேன். 5 கிலோமீட்டர் ஓட்டம், 20 கிலோமீட்டர் சைக்கிள், மறுபடியும் 2.5 கிலோமீட்டர் ஓட்டம். முந்தைய நாள் மலைப்பக்கமிருந்து இறங்கிவரும் வெப்பமான பெர்க் காற்று வீசியது. அதற்குப் பின்னாலேயே குளிர் வரும் என்பதை மறந்துவிட்டேன்.

ஓடி முடித்தபோது சட்டை வியர்வையில் நனைந்திருந்தது, விரல்கள் விறைத்திருந்தன. தலைக்கவசத்தின் கொக்கியை மாட்டாமல் சைக்கிளைத் தொடக்கூடாது என்பது விதி. இரண்டு நிமிடம் போராடினேன். அழுகை வந்துவிட்டது. சாலையிலோ பக்கக்காற்று, உயர்விளிம்புள்ள முன்சக்கரத்தைத் தள்ளிக்கொண்டே இருந்தது.

அடுத்த குளிர்காலத்துக்கு முதலில் மாற்றியது கையுறை. மெல்லியதை முதல் ஓட்டத்திலேயே அணிந்தேன். கை சூடாக இருக்கும்போதே காப்பாற்ற வேண்டும், விறைத்தபின் அணிந்து பயனில்லை. கையுறையோடு கொக்கி மாட்ட வீட்டில் தினமும் பழகினேன். சைக்கிள் ஏறுமுன் செய்தித்தாளை மடித்துச் சட்டைக்குள் நெஞ்சில் வைத்தேன். பழைய சைக்கிள் வீரர்களின் உத்தி, அருமையாகக் காற்றைத் தடுக்கிறது. முன்சக்கரத்தைத் தாழ்ந்த விளிம்புள்ளதாக மாற்றினேன். எதிர்காற்றில் வேகத்தைப் பார்க்காமல் இலகுவான கியரில் மிதித்தேன். புறப்படுமுன் அம்மா கொடுத்த சுக்குக் காப்பியும் உண்டு, அதை விடமாட்டேன்.

இந்த முறை கொக்கி ஒரே முயற்சியில் மாட்டியது.