எட்டை எங்கே போடுவது? டி அண்ட் டி ஆட்டத்துக்கு முதல் கேரக்டர் உருவாக்கும் முறை

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கற்பனை ஆளாக (கேரக்டராக) மாறி, பகடை உருட்டிக் கதை வளர்க்கும் ஆட்டம். அதற்கு நான் முதன்முதலில் உருவாக்கிய ஆள் ஒரு மந்திரவாதி. அவனுக்கு நான்கு பக்கத்தில் வாழ்க்கை வரலாறே எழுதி வைத்திருந்தேன். பறிபோன அரசு, துரோகம் செய்த இரட்டைச் சகோதரன், பாதி எரிந்த சுவடி, எல்லாம் உண்டு. முதல் சண்டையில் ஒரு காப்ளின் (குட்டிப் பூதம்) வீசிய வெட்டில் அவனுடைய ஆறு ஹிட் பாயின்டும், அதாவது உயிர்ப் புள்ளிகளும், காலி. அப்புறம் சாகாமல் தப்ப உருட்டும் டெத் சேவிங் த்ரோ மூன்றும் சொதப்பி, ஆள் போய்விட்டான். அந்த நான்கு பக்கத்தில் ஒரு வரிகூட யார் காதிலும் விழவில்லை.

அதற்குப் பிறகு நிறையப் பேருக்கு முதல் கேரக்டர் போட உட்கார்ந்து உதவியிருக்கிறேன். எல்லோரும் ஒரே இடத்தில்தான் திணறுகிறார்கள். ஆளின் விவரங்களை எழுதும் கேரக்டர் ஷீட்டில் இருக்கும் கட்டங்களைப் பார்த்ததும் வருமான வரிப் படிவம் போலத் தெரிகிறது, உடனே கை மேலிருந்து கீழாக நிரப்பத் தொடங்கிவிடுகிறது. நான் சொல்லித்தரும் வரிசை கொஞ்சம் வேறு. கூடவே ஒரு கேரக்டரையும் செய்துகாட்டுகிறேன்.

தேவையானவை: ஒரு பென்சில் (பேனா வேண்டாம், காரணம் போகப் போகத் தெரியும்), ஒரு ரப்பர், ஏழு பகடை உள்ள ஒரு செட், விதிகள். 2014ல் வந்த ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகளைத் தொகுத்த ஆவணத்தை ஆட்டத்தை வெளியிடும் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் 2023 ஜனவரியில் க்ரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டது. இலவசம்தான். இந்தப் பதிவில் வரும் விதிகளில் பெரும்பாலானவை அதற்குள் இருப்பவை, மற்றதை நானே சொல்லிவிடுகிறேன், எனவே புத்தகம் வாங்காமலே கூடவே செய்து பார்க்கலாம்.

முதலில் டி.எம்-மிடம் பேசுங்கள்

டன்ஜன் மாஸ்டர்தான் கதையை நடத்துபவர். அவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். எந்தப் பதிப்பு? கதை எப்படிப்பட்டது? மற்றவர்கள் யாராக வருகிறார்கள்? பதிப்பைக் கேட்பது முக்கியம். 2024ல் விதிகளைத் திருத்தினார்கள். பழைய விதியில் இனத்தால் கிடைத்த கூடுதல் புள்ளிகள், புதிய விதியில் பின்னணியோடு சேர்ந்துவிட்டன. இரண்டையும் கலந்தடித்தால் கணக்கு இடிக்கும். நான் இங்கே 2014 விதியைப் பின்பற்றுகிறேன்.

கதையைப் பற்றிக் கேட்காமல் வந்த ஒருவர், நகர அரசியல் சூழ்ச்சி நிறைந்த ஆட்டத்துக்குக் காட்டைவிட்டு வெளியே வராத ஒரு துறவியைக் கொண்டுவந்தார். பாவம், மூன்று வாரம் மரத்தடியிலேயே உட்கார்ந்திருந்தார்.

ஆளை ஒரு வரியில் சொல்லுங்கள்

எண்களைத் தொடும் முன் ஒரே ஒரு வரி. தோழியிடம் போனில் சொல்வது போலச் சொன்னால் போதும். நம் உதாரணம்: "கோயிலில் வளர்ந்த பூட்டுத் திறக்கும் பெண்." பெயர் டில்லி. (எங்கள் மேசையில் இந்தப் பெயரைச் சொன்னதும், தலைநகரத்தையே கூட்டி வந்திருக்கிறாயா என்று ஒருவர் ஆரம்பித்தார். அதனாலேயே யாருக்கும் மறக்கவில்லை.)

பெயர் வாயில் நுழைய வேண்டும். ஏழெட்டு மெய்யெழுத்து சேர்ந்த பெயரை வைத்தால், இரண்டாம் வாரத்தில் உங்களை "அந்தத் திருடன்" என்றுதான் கூப்பிடுவார்கள்.

கிளாஸும் இனமும்

கிளாஸ் என்பது உங்கள் ஆளின் தொழில். 1974ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் இந்த ஆட்டத்தை வெளியிட்டபோது மூன்றே கிளாஸ்தான்: சண்டை போடுபவர், மந்திரம் போடுபவர், பூசாரி வகையைச் சேர்ந்த கிளெரிக். திருடன் 1975ல்தான் வந்து சேர்ந்தான். இப்போது அடிப்படை விதிகளில் பன்னிரண்டு இருக்கின்றன. பன்னிரண்டையும் படிக்க உட்காராதீர்கள், தலை சுற்றும். ஓங்கி அடிக்க ஆசையா, ஃபைட்டர். பதுங்கிப் போய்க் காரியம் முடிக்க ஆசையா, ரோக். காயம் ஆற்ற ஆசையா, கிளெரிக். மந்திரத்தில்தான் மனம் இருக்கிறது என்றால் விசார்ட் எடுக்கலாம், ஆனால் முதல் ஆட்டத்திலேயே மந்திரப் பட்டியலோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். என்னைக் கேட்டால் முதல் தடவை ஃபைட்டரோ ரோகோ நல்லது.

டில்லி ரோக். இனம் ஹாஃப்லிங், அதில் லைட்ஃபுட் என்ற உட்பிரிவு. குள்ளமான, சுறுசுறுப்பான ஜனங்கள். ஒரு திருப்பத்தில், அதாவது தன் முறை வரும்போது, 25 அடிதான் நடக்க முடியும், மனிதர்களைவிட 5 அடி குறைவு. ஆனால் அடிப்பதற்கோ வேறு முயற்சிக்கோ டி20 என்ற இருபது பக்கப் பகடையை உருட்டி 1 விழுந்தால், அதை ஒருமுறை மறுபடி உருட்டலாம். புதியவர்களுக்கு இதைவிட ஆறுதலான சலுகை வேறில்லை.

இப்போதுதான் எண்கள்: எட்டிலிருந்து தொடங்குங்கள்

ஒவ்வொரு ஆளுக்கும் ஆறு திறன்கள். ஸ்ட்ரெங்த் என்பது உடல் வலு. டெக்ஸ்டெரிட்டி, கைகால் வேகமும் லாகவமும். கான்ஸ்டிட்யூஷன், அடி தாங்கும் திராணி. இன்டெலிஜென்ஸ் படிப்பறிவு, நினைவாற்றல். விஸ்டம் என்பதை ஞானம் என்று எடுத்துக்கொண்டு பலர் குழம்புகிறார்கள். ஆட்டத்தில் அது கண்ணும் காதும் மனசும் விழிப்பாக இருப்பது, எதிரில் இருப்பவர் பொய் சொன்னால் உறைப்பது. கடைசியாக கரிஸ்மா, பேச்சும் ஆளுமையும்.

இந்த ஆறுக்கும் போட ஆறு எண்கள் தயாராக இருக்கின்றன: 15, 14, 13, 12, 10, 8. நான்கு டி6, அதாவது ஆறு பக்கப் பகடை, உருட்டி, மிகச் சிறியதைத் தள்ளிவிட்டு மற்ற மூன்றைக் கூட்டும் முறையும் உண்டு. ஆனால் பக்கத்தில் இருப்பவருக்கு 18 விழுந்து உங்களுக்கு 11 விழுந்தால் வரும் வயிற்றெரிச்சல் பல மாதம் நீடிக்கும். முதல் தடவை தயார் எண்களையே எடுத்துக்கொள்ளுங்கள்.

எல்லோரும் 15ஐ எங்கே போடுவது என்று யோசிக்கிறார்கள். அதில் யோசிக்க ஒன்றுமே இல்லை, கிளாஸே சொல்லிவிடும். ரோகுக்கு டெக்ஸ்டெரிட்டி, விசார்டுக்கு இன்டெலிஜென்ஸ். உலகத்தில் இருக்கும் எல்லா ரோகும் வேகமானவர்கள்தான். எட்டு அப்படியில்லை, அதை நீங்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். 1974 விதியில் மூன்று பகடையை உருட்டி, வந்த எண்ணை வந்த வரிசையிலேயே எழுத வேண்டும், எட்டு எங்கே விழுந்ததோ அதுதான் விதி. இப்போது நம் ஆளின் கோளாறை நாமே முடிவு செய்யலாம். மேசையில் எல்லோரும் சிரிப்பதும் பதறுவதும் பெரும்பாலும் அந்த எட்டு வேலை செய்யும்போதுதான்.

டில்லிக்கு எட்டை வலுவில் போட்டுவிட்டுப் போயிருக்கலாம், குள்ளப் பெண்தானே, கணக்குக்கும் அதுதான் லாபம். ஆனால் வலு குறைந்த திருடியை நாம் நூறு தடவை பார்த்தாயிற்று. எட்டை விஸ்டமில் போடுவோம். எப்படிப்பட்ட பூட்டையும் திறப்பாள், ஆனால் யார் என்ன சொன்னாலும் நம்பிவிடுவாள். வாசலில் ஒருவன் "நான்தான் புதுக் காவலாளி" என்றால், "அப்படியா, சாப்பிட்டீர்களா?" என்று கேட்பாள். இப்போது ஆள் கண்ணுக்குத் தெரிகிறாள், இல்லையா?

மற்றவை சுலபம். டெக்ஸ்டெரிட்டி 15, கான்ஸ்டிட்யூஷன் 14, கரிஸ்மா 13, இன்டெலிஜென்ஸ் 12, ஸ்ட்ரெங்த் 10. லைட்ஃபுட் ஹாஃப்லிங் என்பதால் டெக்ஸ்டெரிட்டிக்கு 2, கரிஸ்மாவுக்கு 1 கூடும். அவை 17, 14 ஆகின்றன.

ஆட்டத்தில் இந்த எண்களை நேரடியாகப் பயன்படுத்த மாட்டீர்கள். அவற்றிலிருந்து கிடைக்கும் மாடிஃபயர்தான், அதாவது பகடையில் விழும் எண்ணோடு கூட்டும் சிறு எண்தான், வேலை செய்யும். திறன் எண்ணிலிருந்து 10ஐக் கழித்து, இரண்டால் வகுத்து, பின்னம் வந்தால் கீழே இறக்குங்கள். 10, 11க்கு பூஜ்யம். 12, 13க்கு +1. 14, 15க்கு +2. எட்டுக்கு −1. கரிஸ்மாவில் 13ஐப் போட்டது ஏன் என்று இப்போது புரியும். அந்த ஒரு புள்ளி சேர்ந்ததும் +1 என்பது +2 ஆகிவிட்டது.

எங்கிருந்து வந்தாள்?

பின்னணி என்ற கட்டத்தில், சாகசத்துக்குக் கிளம்பும் முன் உங்கள் ஆள் என்ன செய்துகொண்டிருந்தார் என்று எழுத வேண்டும். திருடிக்குக் குற்றவாளிப் பின்னணி கொடுக்கத்தான் எல்லோருக்கும் கை போகும். டில்லிக்கு நாம் அகோலைட் எடுப்போம், அதாவது கோயில் ஊழியம் செய்தவள். அதனால் இன்சைட், ரிலிஜன் என்ற இரண்டு ஸ்கில்லும், கூடுதலாக இரண்டு மொழிகளும், 15 பொற்காசும், ஐந்து ஊதுபத்தியும் கிடைக்கும். ஊதுபத்தி நான் சேர்த்ததில்லை, விதியிலேயே இருக்கிறது.

முன்கதை மூன்று வரிக்கு மேல் போகக் கூடாது. என் மந்திரவாதி கற்றுக்கொடுத்த பாடம். டில்லியுடையது: பெரிய பூசாரி அடிக்கடி சாவியைத் தொலைப்பார், பூட்டைத் திறந்து கொடுத்தே கை பழகிவிட்டது. ஒருநாள் காலையில் உண்டியல் காலியாகக் கிடந்தது, எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். எடுத்தவன் யார் என்று தேடிக் கிளம்பிவிட்டாள்.

யார் எடுத்தது என்று நீங்கள் முடிவு செய்யாதீர்கள். அதை டி.எம்-மிடம் விட்டுவிடுங்கள், அவருக்கு லட்டு மாதிரி.

ஸ்கில்லும் மற்ற கணக்கும்

ரோகுக்கு அதன் பட்டியலிலிருந்து நான்கு ஸ்கில் கிடைக்கும். டில்லிக்குப் பதுங்குதல், கைச்சாமர்த்தியம், துப்புத் துலக்குதல், பேசி இணங்கவைத்தல். ஷீட்டில் இவை ஸ்டெல்த், ஸ்லைட் ஆஃப் ஹேண்ட், இன்வெஸ்டிகேஷன், பெர்சுவேஷன் என்று இருக்கும். கற்றுக்கொண்ட ஸ்கில்லுக்கு அதற்குரிய மாடிஃபயரோடு முதல் லெவலில் 2 கூடும், இதற்குப் புரொஃபிஷியன்சி போனஸ் என்று பெயர். ரோகுக்கு இரண்டில் மட்டும் அது இரட்டிப்பாகும். அவளுக்கு ஸ்டெல்த், பூட்டுத் திறக்கும் கருவிகள். இரண்டிலும் 3 கூட்டல் 4, ஆக +7. முதல் லெவலுக்கு இது பெரிய எண்.

இன்சைட்டைப் பாருங்கள். எதிராளி பொய் சொல்கிறாரா என்று கணிக்கும் ஸ்கில் அது. கோயிலில் கற்றிருக்கிறாள், ஆனால் விஸ்டம் −1. இரண்டும் சேர்ந்து வெறும் +1. கோயிலில் எத்தனையோ பேரின் குறைகளைக் கேட்டு வளர்ந்தும் ஏமாறுகிற ஆள். நான் திட்டமிடவில்லை, கணக்கே அப்படி எழுதிக்கொடுத்தது.

மற்ற கட்டங்களை வேகமாக முடித்துவிடலாம். ஹிட் பாயின்ட்: ரோகுக்கு 8, கான்ஸ்டிட்யூஷனுக்காக 2, மொத்தம் 10. ஆர்மர் கிளாஸ்: தோல் கவசத்துக்கு 11, டெக்ஸ்டெரிட்டிக்கு 3, மொத்தம் 14. அவளை அடிக்க நினைப்பவர் பகடையும் போனஸும் சேர்த்து 14 எடுத்தால்தான் அடி விழும். இனிஷியேட்டிவ், அதாவது சண்டையில் யார் முதலில் என்பதற்கு +3. ரேப்பியர் என்ற மெல்லிய வாளால் குத்த +5, பட்டால் ஒரு டி8 கூட்டல் 3. சேவிங் த்ரோவில், அதாவது ஆபத்திலிருந்து தப்ப உருட்டும்போது, டெக்ஸ்டெரிட்டி +5, இன்டெலிஜென்ஸ் +3. பாசிவ் பெர்செப்ஷன், அதாவது தேடாமலே தானாகக் கண்ணில் படுவது, 9. பின்னால் யார் வந்தாலும் தெரியாது.

ஸ்னீக் அட்டாக்கை மட்டும் பெரிதாக எழுதி வட்டம் போட்டுக்கொள்ளுங்கள். புது ரோக் ஆட்டக்காரர்கள் இதைத்தான் மறந்துபோகிறார்கள். அட்வான்டேஜோடு (டி20ஐ இருமுறை உருட்டிப் பெரியதை எடுக்கும் சாதக நிலை) தாக்கும்போது, அல்லது உங்கள் கூட்டாளி எதிரிக்கு 5 அடிக்குள் நிற்கும்போது, ஒரு திருப்பத்துக்கு ஒருமுறை ஒரு டி6 கூடுதலாக அடிக்கலாம். பெயரைப் பார்த்து ஒளிந்திருந்தால்தான் முடியும் என்று நினைத்துவிடாதீர்கள். ஃபைட்டர் நண்பர் எதிரியோடு முட்டிக்கொண்டு நின்றாலே போதும்.

பை

பொருட்களில் பர்க்ளர்ஸ் பேக்கை எடுங்கள். அதில் 1,000 பால்பேரிங் குண்டு, 10 அடி நூல், ஒரு மணி, ஐந்து மெழுகுவத்தி, கடப்பாரை, 50 அடி கயிறு எல்லாம் இருக்கும். எதற்கு மணி என்று கேட்காதீர்கள். கதவில் நூல் கட்டி மணியைத் தொங்கவிட்டுத் தூங்கிய இரவில்தான் எங்கள் குழு ஒருமுறை உயிர்பிழைத்தது.

ஏன் இவர்களோடு போகிறாள்?

ஷீட்டில் இதற்குக் கட்டம் இல்லை, ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள். தனிமையை விரும்பும், யாரையும் நம்பாத, மூலையில் முக்காடு போட்டு உட்காரும் ஆளைத்தான் புதியவர்கள் அதிகம் கொண்டுவருகிறார்கள். திரைப்படத்தில் அழகாக இருக்கும். நான்கு பேர் சேர்ந்து ஆடும் மேசையில் மற்ற மூவரும் உங்களைக் கெஞ்சிக் கூட்டிப் போக வேண்டியிருக்கும், இரண்டாம் தடவை கெஞ்ச மாட்டார்கள். இதற்கு வழி, ஆட்டத்துக்கு முன்பே இன்னொருவரின் கேரக்டரோடு ஒரு முடிச்சுப் போட்டுவிடுவது. எங்கள் ஆட்டத்தில் ஃபைட்டராக வந்தவர் அந்தக் கோயிலின் முன்னாள் காவலர். உண்டியல் காணாமல் போன இரவு வாசலில் தூங்கிவிட்டவர்.

முதல் நாள் டி.எம் உங்களை அறிமுகம் செய்யச் சொல்லும்போது இரண்டு வாக்கியம் போதும். கண்ணில் படுவது ஒன்று, நடத்தை ஒன்று: "இடுப்பளவு உயரம், அங்கியில் ஊதுபத்தி வாசனை. வந்ததும் எல்லோரையும் பார்த்துச் சிரித்துவிட்டு, யார் பூட்டு மாட்டிக்கொண்டு திண்டாடுகிறீர்கள் என்று கேட்கிறாள்." அப்புறம் பென்சிலைக் கையிலேயே வைத்திருங்கள். ஹிட் பாயின்ட் கட்டத்தை முதல் இரவிலேயே நாலைந்து முறை அழிக்க வேண்டிவரும்.