டாங்கோவில் முதலில் நடை
டாங்கோ என்ற ஜோடி நடனத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் நடையைத்தான் முதலில் சொல்லிக்கொடுப்பேன். சுழற்சியெல்லாம் அப்புறம். கார்லோஸ் டி சார்லி இசைக்குழுவின் பதிவு ஒன்றைப் போடுங்கள், தாளம் தெளிவாகக் கேட்கும்.

அணைத்து நின்றதும் உடனே கிளம்பாதீர்கள். நடத்துபவர் தன் எடையை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மெல்ல மாற்றட்டும். இணை எந்தக் காலில் நிற்கிறார் என்பது நெஞ்சு வழியாகவே தெரிந்துவிடும். அது தெரியாமல் அடியெடுத்தால் முழங்கால்தான் இடிக்கும். பிறகு மார்பை முன்னே கொண்டுபோங்கள், கால் தானாக வரும். கையால் தள்ளவே கூடாது. வலது கை இணையின் முதுகில் சும்மா இருந்தால் போதும்.

பின்தொடர்பவருக்கு வேலை குறைவு என்று நினைப்பது தப்பு. இடுப்பிலிருந்து காலைப் பின்னால் நீட்டி, எடை மாறும் நொடிவரை காத்திருக்க வேண்டும். கண்ணை மூடி ஆடிப் பாருங்கள், அடுத்த அடியை ஊகிப்பது குறையும். நடத்துவதையும் பின்தொடர்வதையும் இருவரும் அடிக்கடி மாற்றிக்கொண்டு ஆடுவது ரொம்ப நல்லது.

சரி, அர்ஜென்டினாவின் புவெனஸ் ஐரிஸில் மிலோங்கா எனப்படும் டாங்கோ நடனக் கூடல்களில் எல்லோரும் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றுவார்கள். முன்னால் ஆடுபவரை முந்தாதீர்கள். ஆட அழைப்பதும் தூரத்திலிருந்து கண்ணால்தான். ஒப்புக்கொண்டவரோடு 3 அல்லது 4 பாட்டு கொண்ட தொகுப்பான தாண்டா முழுவதையும் ஆடி முடித்து, அவரை இருக்கைவரை கொண்டுபோய் விடுங்கள்.