ஒரே வகுப்பில் ஐந்து ‘தர்ஷ்’: பேர் வைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கும்பகோணத்துக்கு மேற்கே, குடமுருட்டி ஓரத்து ஊர் ஒன்றில் ஒன்றாம் வகுப்பு எடுக்கிறேன். ஜூன் மாதம் புதுப் பதிவேட்டில் பேர் எழுதும்போதே, ஐந்து வருடத்துக்கு முன்னால் எந்தப் பேர் ஓடியது என்று தெரிந்துவிடும். போன வருடம் 26 பிள்ளைகளில் தர்ஷன் இரண்டு பேர், தர்ஷித் ஒருவன், தர்ஷினி ஒருத்தி, தர்ஷிகா ஒருத்தி. ‘தர்ஷ்’ என்று வாயெடுத்தாலே ஐந்து தலை நிமிரும்.

எல்லாருக்கும் பிடித்த பேரை வைப்பது தவறே இல்லை. திருவாரூர்ப் பக்கம் தெருவுக்கு ஒரு தியாகராஜன் இருந்த காலம் உண்டு. அதனால் யாருக்கும் ஒன்றும் குறைந்துவிடவில்லை. தவறு எங்கே நடக்கிறது என்றால், பேரைத் தேடுவது செல்போனில், பிள்ளை வளரப்போவது இந்த ஊரில். ‘அரிய தமிழ்ப் பெயர்கள்’ என்று தேடினால் வருகிற அதே பட்டியலைத்தான் பக்கத்து ஊர்த் தாயும் பார்க்கிறாள். யாழினி, இனியா, மகிழன், ஆதவன் எல்லாம் அழகான பேர்கள்தான். ஆனால் யாரும் வைக்காத பேர் என்று நம்பி வைத்தவர்கள், அங்கன்வாடி வாசலில் இன்னொரு யாழினியைப் பார்த்ததும் முகம் சுருங்கிப்போகிறார்கள்.

இதற்கு நான் சொல்லும் வழி ஒன்றுதான். ஒரு புதன்கிழமை தடுப்பூசி போடுகிற இடத்தில் அரை மணி நேரம் உட்காருங்கள். நர்ஸ் அட்டையைப் பார்த்துக் கூப்பிடுகிற பேர்கள்தான் நாளைக்கு உங்கள் பிள்ளையோடு பெஞ்சில் உட்காரப்போகிற பேர்கள். அதே பேர் இருக்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள், அதே ஓசை இருக்கிறதா என்றும் கேளுங்கள். வகுப்பில் குழப்புவது பெரும்பாலும் ஓசைதான்.

அடுத்தது இனிஷியல். இதைப் பெற்றோர் யோசிப்பதே இல்லை. நம் ஊரில் பெரும்பாலும் குடும்பப் பேர் கிடையாது. ஒரே பேருள்ள இரண்டு பேரைப் பிரித்துக் காட்ட அப்பா பேரின் முதலெழுத்துத்தான் இருக்கிறது. என் வகுப்பில் ஒரு தர்ஷனின் அப்பா செந்தில், இன்னொருவனின் அப்பா சுரேஷ். ஆங்கிலத்தில் இரண்டு பேருமே எஸ். தர்ஷன். நோட்டு மாறும், சாப்பாட்டு டப்பா மாறும். ஒரு தடவை மதிப்பெண் அட்டையையே மாற்றிக் கொடுத்துவிட்டேன். வாங்கிப்போன பிள்ளை அப்பா கையால் அடி வாங்கியிருக்கிறான். அது இன்றைக்கும் என் மனதில் உறுத்துகிறது. தமிழில் எழுதினால் செ. தர்ஷன், சு. தர்ஷன் என்று தானாகப் பிரிந்துவிடும். அதனால் அப்பா பேர் ‘எஸ்’ஸிலோ ‘கே’யிலோ தொடங்கினால், எங்கும் கேட்கிற பேரை வைக்கும் முன் ஒரு தடவைக்கு இரண்டு தடவை யோசியுங்கள். அம்மா பேரின் முதலெழுத்தையும் சேர்த்து எழுதுவது நல்ல வழி.

நட்சத்திர எழுத்து பார்ப்பவர்கள் வேறு மாதிரி மாட்டிக்கொள்கிறார்கள். ரோகிணிக்கு ஒ, வ, வி, வு என்றால் கவலையில்லை. அஸ்தத்தில் பிறந்த குழந்தைக்குப் பாதத்தைப் பொறுத்து ‘ண’ என்று வந்துவிடும். தமிழில் எந்தச் சொல்லும் ‘ண’வில் தொடங்காது. அதற்காக வாயில் நுழையாத ஒன்றைப் புதிதாக உண்டாக்காதீர்கள். தொட்டில் போடுகிற அன்று காதில் மூன்று தடவை சொல்ல ஒரு ராசிப் பேர், சான்றிதழில் கூப்பிடுகிற பேர் என்று வைத்துக்கொள்கிற வழக்கம் நம் பக்கம் ஏற்கெனவே உண்டு.

எண் கணிதத்துக்காக ஆங்கில எழுத்தைக் கூட்டுவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. ஒரு ‘ஏ’ இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு, நடுவில் ஒரு ‘எச்’. பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, ஆதாரில் இன்னொரு மாதிரி, பள்ளியில் நாங்கள் எமிஸில், அதாவது அரசின் மாணவர் விவரக் கணினிப் பதிவில், ஏற்றும்போது மூன்றாவது மாதிரி. யாழினி என்று வைத்தால் அந்த ‘ழி’யை ‘இசட் எச்’ போட்டு எழுதுவதா, ‘எல்’ போட்டா என்பதையும் அன்றைக்கே முடிவு செய்யுங்கள். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல் என எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கான சான்று பிறப்புச் சான்றிதழ்தான். அதில் இருக்கிற பேரோடுதான் மற்றதெல்லாம் ஒத்துப்போக வேண்டும்.

அதே சமயம், பேர் முடிவாகவில்லையே என்று ஆஸ்பத்திரியிலேயே பதறி வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடாதீர்கள். பிறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும், அவ்வளவுதான். பேர் இல்லாமலே பதியலாம். பதிந்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் பேரைச் சேர்த்துக்கொள்ளலாம். அதற்கு மேல் 15 வருடம் வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். ஆனால் ஒரு தடவை ஏறிய பேரை, மனசு மாறிவிட்டது என்று மாற்றுவது சுலபமில்லை. எழுத்துப் பிழையைத் திருத்துவார்கள். பேரையே மாற்ற அரசிதழ் வரைக்கும் போக வேண்டும். அதனால் வாயால் சொல்லாமல், தமிழிலும் ஆங்கிலத்திலும் கொட்டை எழுத்தில் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அச்சான சான்றிதழை அங்கேயே நின்று எழுத்தெழுத்தாகப் படித்துப் பாருங்கள்.

அப்புறம் தாத்தா பாட்டி பேர். ‘பேரன்’ என்ற சொல்லே பெயரன்தான், தாத்தாவின் பேரைச் சுமப்பவன். மாமனார் பேரை வாயால் சொல்லக் கூடாது என்பதற்காக மருமகள்கள் பிள்ளையை அப்பு, தம்பி, ராசா என்று கூப்பிட்டே வளர்த்த ஊர் இது. இன்றைக்குப் பழைய பேர் என்றாலே ஒதுக்கிவிடுகிறோம். சுவாமிமலையை வைத்து சாமிநாதன், திருக்கடையூரை வைத்து அபிராமி, மன்னார்குடியை வைத்து ராஜகோபாலன், செங்கமலம், நாகூரை வைத்து மீரான், வேளாங்கண்ணியை வைத்து ஆரோக்கியமேரி. அறுபது வருடத்துக்கு முன்னால் வீதியில் கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிய பேர்கள் இவை. இன்றைக்கு என் பதிவேட்டில் ஒரே ஒரு அபிராமிதான் இருக்கிறாள். அவளை யாரோடும் யாரும் குழப்புவதில்லை. பேர் நீளம் என்று தோன்றினால் கூப்பிடும்போது அதுவே சுருங்கிக்கொள்ளும். போன வருடத்து சாமிநாதன் முதல் வாரமே ‘சாமி’ ஆகிவிட்டான்.

இரண்டு மூன்று பேர்கள் கையில் தங்கியதும், சாயங்கால நேரம் வாசலில் நின்று கொல்லை வரைக்கும் கேட்கிற மாதிரி ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுப் பாருங்கள். ஒரு தடவை கோபமாகவும் கூப்பிடுங்கள். அண்ணன் ஹரிஷ் இருக்கிற வீட்டில் ‘ஹரிணி’ என்றால் யார் ஓடி வருவார்கள் என்று அப்போதே தெரிந்துவிடும்.